மயக்க மருந்தும் நீர்ம ஈடும் பற்றிய நோயாளர் கல்வி

மயக்க மருந்தும் நீர்ம ஈடும் பற்றிய நோயாளர் கல்வி என்பது, அறுவை மருத்துவத்திற்கு உட்படும் ஒருவருக்கு எவ்வகை மயக்க மருந்து கொடுக்கப்படவுள்ளது, சிரை வழியாக நீர்மம் ஏன் ஏற்றப்படுகிறது, அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை அவரும் அவர்தம் குடும்பத்தாரும் விளங்கிக்கொள்ளுமாறு செவிலியர் எடுத்துரைக்கும் பணியாகும். இது செவிலியத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் மயக்க மருந்தின் வகையை முடிவு செய்வதும் அதனைக் கொடுப்பதும் மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பாகும். செவிலியரின் விளக்கம் மருத்துவரின் விளக்கத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று. எனினும் நோயாளருடன் அதிக நேரம் இருப்பவர் செவிலியரே என்பதால், மருத்துவரிடம் சொல்லத் தயங்கிய செய்திகள் பலவும் அவரிடமே வெளிப்படுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில், விபத்துக்குள்ளாகித் திடீரென அறுவைக்கு வரும் தொழிலாளர்களுக்கு இக்கல்வி சிறப்பான முக்கியத்துவம் உடையது.

சொற்பொருள்

பொதுமக்கள் வழக்கிலுள்ள இரண்டு சொற்கள் இத்துறையில் தவறான எதிர்பார்ப்பைத் தோற்றுவிக்கின்றன. அவற்றைத் தெளிவாக்குவதிலிருந்தே நோயாளர் கல்வி தொடங்குகிறது.

முதலாவது "மயக்க மருந்து" என்னும் சொல். தமிழில் மயக்கம் என்பது நினைவிழத்தலையும் தலைசுற்றலையும் ஒருங்கே குறிக்கும். ஆனால் மயக்கவியலில் பயன்படும் பல முறைகளில் நோயாளர் நினைவுடனேயே இருப்பார். உடலின் ஒரு பகுதி மட்டும் உணர்விழக்கும். பேச்சு வழக்கில் இது "மரத்துப்போதல்" எனப்படும். மயக்க மருந்து கொடுக்கப்படும் என்று மட்டும் கூறப்பட்ட நோயாளர், அறுவை அரங்கில் தாம் விழித்திருப்பதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை எனக் கருதி அஞ்சுவதுண்டு.

இரண்டாவது "குளுக்கோஸ்" என்னும் சொல். சிரை வழியாக ஏற்றப்படும் எல்லா நீர்மங்களையும் மக்கள் குளுக்கோஸ் என்றே அழைக்கின்றனர். உண்மையில் அறுவையின்போது பெரும்பாலும் ஏற்றப்படுவது சர்க்கரையில்லாத உப்புக் கரைசலே ஆகும். குளுக்கோஸ் என்று கேள்விப்பட்டதும் நீரிழிவு நோயாளர் அஞ்சுவதும், உடல் வலிமை பெற ஒரு பாட்டில் ஏற்றுமாறு மற்றவர் கேட்பதும் இச்சொல்லின் விளைவுகளாகும்.

வரலாறு

மயக்க மருந்து

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாசுட்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைப் பயன்படுத்தி அறுவை மயக்கத்தைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். அடுத்த ஆண்டிலேயே இது கொல்கத்தாவை எட்டியது. 1847 நவம்பரில் எடின்பரோவில் சேம்சு யங் சிம்ப்சன் குளோரோபாமை அறிமுகப்படுத்தினார். குளோரோபாமின் பாதுகாப்பை ஆராய ஐதராபாத்து நிசாமின் பொருளுதவியுடன் எட்வர்டு லாரி தலைமையில் 1888, 1889 ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆணையங்கள் அமைக்கப்பட்டன. மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்திற்குத் தீங்கில்லை என்னும் அவற்றின் முடிவு பின்னாளில் தவறென நிறுவப்பட்டது. எனினும் மயக்கத்தில் உள்ளவரின் மூச்சை இடைவிடாது கவனிக்க வேண்டும் என்னும் அவற்றின் வலியுறுத்தல் இன்றும் பொருந்துவதாகும்.

1884 இல் கார்ல் கோலர் கண் அறுவையில் கொக்கெயினைப் பயன்படுத்தியதிலிருந்து ஓரிட உணர்விழப்பு முறை தோன்றியது. 1898 இல் செருமானிய அறுவை மருத்துவர் ஆகசுட்டு பியர் தண்டுவட உணர்விழப்பு முறையைச் செய்து காட்டினார். 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகெயின் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

நீர்ம ஈடு

வாந்திபேதியால் இறப்பவர்களின் குருதியில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை வில்லியம் புரூக் ஓசாகனசி 1831-32 ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தார். இவரே பின்னர் கொல்கத்தாவில் பணியாற்றி இந்தியாவில் தந்தி அமைப்பை உருவாக்கியவர் ஆவார். இவர் கண்டறிந்ததன் அடிப்படையில் 1832 இல் இசுக்காட்லாந்தின் லீத் நகரில் தாமசு லாட்டா சிரை வழியாக உப்புநீரை ஏற்றினார். அவருடைய முதல் நோயாளியான முதிய பெண் வியக்கத்தக்க வகையில் தேறினார். ஆனால் கழிச்சல் மீண்டபோது நீர்மம் மறுபடி ஏற்றப்படாததால் சில மணி நேரத்தில் இறந்தார். இழப்பு தொடரும்வரை ஈடும் தொடர வேண்டும் என்பது அந்த முதல் நிகழ்விலேயே வெளிப்பட்ட பாடமாகும்.

1880களில் சிட்னி ரிங்கரும், 1930களில் அலெக்சிசு ஆர்ட்மேனும் செய்த ஆய்வுகளின் பயனாக ரிங்கர் லாக்டேட் கரைசல் உருவானது. 1971 இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பாங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிசு வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தினார். அதனால் முகாமில் வாந்திபேதி இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டிற்கும் கீழாகக் குறைந்தது.

நோயாளர் கல்வி

அறுவைக்கு முன் அளிக்கும் விளக்கம் மருத்துவப் பயன் உடையது என்பதற்கு 1964 இல் வெளியான எக்பர்ட்டு குழுவினரின் ஆய்வு முன்னோடியாகும். வயிற்று அறுவைக்கு உட்பட்ட 97 நோயாளருள் ஒரு பகுதியினருக்கு, எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் வலி குறையும் என்பவை முன்கூட்டியே விளக்கப்பட்டன. அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநீக்கி மருந்தின் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஒரகடம் பகுதியில் இதன் தேவை

வண்டலூர்-வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரகடம் அமைந்துள்ளது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய் ஆலை வந்ததைத் தொடர்ந்து இப்பகுதி வாகனத் தொழிலின் மையமாக வளர்ந்தது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசான், 2012 இல் டைம்லர், 2013 இல் ராயல் என்ஃபீல்டு ஆகியவற்றின் ஆலைகள் செயல்படத் தொடங்கின. இவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களும் சுற்றிலும் பெருகின.

இத்தகைய தொழிற்பகுதிகளில் ஏற்படும் காயங்கள் சில தனித்தன்மைகள் கொண்டவை:

* பவர் பிரஸ் முதலிய பொறிகளில் விரல்களும் கைகளும் நசுங்குதல். வாகன உதிரிபாகத் தொழிலில் நேரும் காயங்கள் குறித்து 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வரும் சேஃப் இன் இந்தியா என்னும் தொண்டு நிறுவனமும் பவர் பிரஸ்ஸை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது.
* உருகிய உலோகம், நீராவி, மின்சாரம், வேதிப்பொருள் ஆகியவற்றால் தீக்காயம்.
* கனரக வாகனங்கள் மிகுந்த சாலைகளில், பணிமுறை மாறும் நேரங்களில் நிகழும் இருசக்கர வாகன விபத்துகள்.

இவ்வாறு காயமடைந்தோர் முன்கூட்டியே நாள் குறித்து அறுவைக்கு வருபவர்கள் அல்லர். உணவகத்தில் உண்ட சிறிது நேரத்திலேயே காயம்பட்டிருக்கலாம். வெப்பம் மிகுந்த பணியிடத்தில் வியர்த்து ஏற்கெனவே நீர் இழந்திருக்கலாம். பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளராக இருந்தால், குடும்பத்தார் அருகில் இல்லாத நிலையும் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கின்றன.

முதலுதவிக்குப்பின் இத்தகையோர் ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை மருத்துவமனைகள், தனியார் மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு அனுப்பப்படுகின்றனர். கை அறுவைக்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும், தீக்காயத்திற்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும் நன்கு அறியப்பட்டவை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படும்போது, கடைசியாக உண்ட நேரம், ஏற்றப்பட்ட நீர்மத்தின் அளவு, கொடுக்கப்பட்ட ஊசிகள் ஆகியவை சீட்டில் எழுதி அனுப்பப்பட வேண்டும்.

மயக்க மருந்தின் வகைகள்

முழு மயக்கம்

மருந்து சிரை வழியாகவோ மூச்சு வழியாகவோ செலுத்தப்பட்டு நோயாளர் முற்றிலும் நினைவிழக்கிறார். மூச்சுக்குழாயில் ஒரு குழல் செருகப்பட்டுப் பொறியின் துணையால் மூச்சு அளிக்கப்படுவதுண்டு. வயிறு, நெஞ்சு, தலை ஆகியவற்றில் செய்யப்படும் பெரிய அறுவைகளுக்கு இது தேவைப்படுகிறது.

நோயாளருக்குக் கூற வேண்டியவை: விழித்தபின் தொண்டை வலி, குமட்டல், குளிர் நடுக்கம் ஆகியவை சிறிது நேரம் இருக்கலாம். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் முன்னரே தெரிவிக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் மயக்க மருந்தால் கடுங்காய்ச்சலோ உயிராபத்தோ ஏற்பட்டிருந்தால் அதை மறைக்கக் கூடாது. அது மரபுவழி வரும் நிலையாக இருக்கலாம்.

தண்டுவட உணர்விழப்பு

இடுப்புப் பகுதியில், முதுகெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியின் வழியாகத் தண்டுவட நீரில் மருந்து செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் நீங்கும். கால் எலும்பு முறிவு, குடலிறக்கம், மகப்பேற்று அறுவை ஆகியவற்றில் மிகுதியாகப் பயன்படுகிறது.

நோயாளருக்குக் கூற வேண்டியவை: முதுகை வளைத்து அசையாமல் இருந்தால் ஊசி எளிதாக முடியும். முதலில் கால்களில் வெப்பம் பரவும்; பின் கால்கள் கனக்கும். தொடுவதும் இழுப்பதும் ஓரளவு தெரியலாம், வலி தெரியாது. குருதி அழுத்தம் குறைவதால் தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். சில மணி நேரத்தில் கால்களின் அசைவு மீளும். அதுவரை தாமாக எழக் கூடாது. எழுந்து அமர்ந்தால் மிகுந்து, படுத்தால் தணியும் தலைவலி மிகச் சிலருக்கு ஏற்படும். அதற்கு மருத்துவம் உண்டு.

தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழல் வைத்துத் தேவைக்கேற்ப மருந்து செலுத்தும் முறையும் உள்ளது. அறுவைக்குப் பின்னான வலியைத் தணிக்கவும் அக்குழல் பயன்படும்.

நரம்புத் தொகுதி உணர்விழப்பு

கழுத்தின் பக்கவாட்டிலோ, காரை எலும்பருகிலோ, அக்குளிலோ உள்ள நரம்புப் பின்னலைச் சுற்றி மருந்து செலுத்தினால் கை முழுவதும் மரத்துவிடும். கை நசுங்கல் காயங்களில் இம்முறை பெரிதும் விரும்பப்படுகிறது. நோயாளர் நினைவுடன் தாமே மூச்சுவிடுவதாலும், குருதிக் குழாய்கள் விரிவடைந்து காயம்பட்ட பகுதிக்குக் குருதியோட்டம் கூடுவதாலும் இது பயன் தருகிறது. மீயொலிக் கருவியின் துணையால் ஊசி செல்லும் இடத்தைக் கண்ணால் பார்த்துச் செலுத்துவது தற்காலத்தில் வழக்கமாகியுள்ளது.

நோயாளருக்குக் கூற வேண்டியவை: பயன்படுத்தும் மருந்தைப் பொறுத்து, அறுவை முடிந்த பின்னும் பல மணி நேரம் கை உயிரற்றது போலத் தொங்கும். கை போய்விட்டது என அஞ்ச வேண்டியதில்லை. அதுவரை கையைத் தூளியில் தாங்கி வைக்க வேண்டும். மரத்த கையால் சூடான குவளையைத் தொட்டால் சுட்டாலும் தெரியாது. மரப்பு நீங்கத் தொடங்கும் முன்பே வலி மாத்திரையை உட்கொள்ள வேண்டும். முழுதும் நீங்கும்வரை காத்திருந்தால் வலி திடீரெனத் தாக்கும்.

ஓரிட உணர்விழப்பு

காயத்தைச் சுற்றியோ விரலின் அடியிலோ சிறிதளவு மருந்து செலுத்தித் தையலிடும் முறை இது. இங்கும் நரம்புத் தொகுதி முறையிலும் மருந்து குருதியில் அளவுக்கு மிஞ்சிக் கலந்தால் நச்சு விளைவு தோன்றலாம். உதட்டைச் சுற்றி மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பதற்றம் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். நினைவுடன் இருக்கும் நோயாளர்தாம் இவற்றை முதலில் அறிய முடியும். ஆகவே இவற்றை முன்னரே கூறி, தோன்றிய உடன் சொல்லுமாறு அறிவுறுத்துவது நேரடியாக உயிர் காக்கும் செயலாகும்.

வெறும் வயிறு

முழு மயக்கத்தில் தொண்டையின் பாதுகாப்பு இயக்கம் நின்றுவிடுவதால், இரைப்பையில் உள்ளவை மேலேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். 1946 இல் நியூயார்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கர்ட்டிசு மெண்டல்சன் இவ்வாறு நேர்ந்த 66 நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் அறுவைக்கு முன் உண்ணாதிருத்தல் கட்டாய நடைமுறையாயிற்று. தண்டுவட, நரம்புத் தொகுதி முறைகளிலும் இடையில் முழு மயக்கம் தேவைப்படலாம் என்பதால் இதே நெறி பின்பற்றப்படுகிறது.

முன்கூட்டித் திட்டமிட்ட அறுவைக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் கால அளவு பின்வருமாறு:

* தண்ணீர், பால் கலக்காத தேநீர் அல்லது காப்பி: 2 மணி நேரம் முன்பு வரை
* தாய்ப்பால்: 4 மணி நேரம் முன்பு வரை
* பால், பால் கலந்த காப்பி, இட்லி போன்ற எளிய உணவு: 6 மணி நேரம் முன்பு வரை
* இறைச்சி, பிரியாணி, பரோட்டா, எண்ணெயில் பொரித்தவை: 8 மணி நேரம் முன்பு வரை

மோரும் கஞ்சியும் நீர்த்தவை எனினும் தண்ணீர் வகையில் சேரா. இரவு முழுவதும் தண்ணீரும் அருந்தாமல் இருப்பதே நல்லது என்னும் கருத்தும் தவறாகும். தேவையின்றி நீண்ட நேரம் நீர் அருந்தாதவருக்கு நாவறட்சி, தலைவலி, குருதி அழுத்தக் குறைவு ஆகியவை மிகுதியாக ஏற்படும்.

விபத்தில் காயமடைந்தோருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. வலியும் அச்சமும் வலிநீக்கி ஊசிகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மதியம் 1 மணிக்கு உண்டு 1.30 மணிக்குக் கை நசுங்கியவர், இரவு 9 மணிக்கு அறுவைக்கு வந்தாலும் அவர் வயிறு நிறைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். எனவே கடைசியாக உண்டது எப்போது, அடிபட்டது எப்போது என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அவசர அறுவையானால் உண்டதற்காக அறுவை மறுக்கப்படாது. அதற்கேற்ற முறையை மருத்துவர் கையாள்வார் என்று கூறினால் நோயாளர் உண்மையை மறைக்க மாட்டார். மது, புகையிலை, நாட்டு மருந்து, நீரிழிவு மாத்திரை, குருதி உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றையும் இவ்வாறே கேட்டறிதல் வேண்டும்.

நீர்ம ஈடு

தேவை

உண்ணாதிருந்த நேரத்தின் குறைபாடு, அன்றாடத் தேவை, குருதியிழப்பு, காயத்தின் வழியாகக் கசியும் நீர் ஆகிய நான்கையும் ஈடு செய்வதே இதன் நோக்கமாகும். 1957 இல் ஓலிடே, சீகர் ஆகியோர் வகுத்த கணக்கின்படி, உடல் எடையில் முதல் 10 கிலோவிற்கு மணிக்கு 4 மில்லிலிட்டர் வீதமும், அடுத்த 10 கிலோவிற்கு 2 மில்லிலிட்டர் வீதமும், எஞ்சியதற்கு 1 மில்லிலிட்டர் வீதமும் நீர் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு 100 மில்லிலிட்டர் ஆகும். 8 மணி நேரம் எதுவும் அருந்தாதவருக்கு 800 மில்லிலிட்டர் குறைகிறது. 2 மணி நேரத்திற்கு முன்வரை தண்ணீர் அருந்தியவருக்கு இக்குறை மிகவும் சிறிதாகும்.

தண்டுவட முறையில் குருதிக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் குறையும். அதனை ஈடுசெய்யவும், தேவையான மருந்தை உடனே செலுத்தவும் சிரைவழிக் குழல் பொருத்தப்படுகிறது. இது மருத்துவமனை வழக்கில் வென்ஃப்ளான் எனப்படும்.

நீர்மங்களின் வகைகள்

* சாதாரண உப்புநீர்: 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடு கொண்டது. மிகுதியாக ஏற்றினால் குருதியில் குளோரைடும் அமிலத்தன்மையும் கூடும்.
* ரிங்கர் லாக்டேட்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு, லாக்டேட் ஆகியவை குருதி நீருக்கு ஏறத்தாழ ஒத்த அளவில் உள்ளன. அறுவையிலும் தீக்காயத்திலும் பெரிதும் பயன்படுகிறது.
* 5 விழுக்காடு குளுக்கோஸ்: 500 மில்லிலிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை மட்டுமே உள்ளது. இது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். குருதியிழப்பை ஈடுசெய்ய இது ஏற்றதன்று.
* குருதியும் குருதிக் கூறுகளும்: இழப்பு மிகுந்தால் குருதியே குருதிக்கு ஈடாகும்.

குருதியிழப்பு

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4.2 லிட்டர் குருதி உள்ளது. 15 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் வரை இழந்தாலும் வெளிப்படையான மாற்றம் அதிகம் இராது. 30 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் பலருக்குக் குருதி அழுத்தம் தெளிவாகக் குறையும். அதற்கு முன்பே நாடித்துடிப்பு விரைவாதல், தோல் குளிர்தல், பதற்றம், தாகம் ஆகியவை தோன்றும். காயமடைந்தவர் தண்ணீர் கேட்பது இவ்வகையில் ஓர் அறிகுறியாகும். உடன் வந்தோர் தாமாகத் தண்ணீர் கொடுக்காமல் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். பெருங்குருதியிழப்பில் உப்புநீரை மட்டும் மிகுதியாக ஏற்றினால் குருதி நீர்த்து உறையும் திறனை இழக்கும். ஆதலால் விரைவில் குருதி ஏற்றுவதே தற்கால நெறியாகும். 2010 இல் வெளியான கிராசு-2 ஆய்வைத் தொடர்ந்து, காயம்பட்ட 3 மணி நேரத்திற்குள் டிரனெக்சாமிக் அமிலம் கொடுக்கும் வழக்கமும் பரவியது.

தீக்காயம்

பார்க்லாந்து வாய்பாட்டின்படி, உடல் எடை, வெந்த பரப்பின் விழுக்காடு ஆகியவற்றின் பெருக்கத்தை 4 மில்லிலிட்டரால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத் தேவை கிடைக்கும். 60 கிலோ எடையும் 20 விழுக்காடு தீக்காயமும் உடையவருக்கு இது 4,800 மில்லிலிட்டர். இதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் ஏற்றப்பட வேண்டும். இந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. எனவே விபத்து நிகழ்ந்த நேரத்தைச் சரியாகக் கூறுவது மருத்துவத்தின் ஒரு பகுதியாகிறது. 2 மில்லிலிட்டர் கணக்கில் தொடங்கி, வெளியேறும் சிறுநீரின் அளவுக்கேற்ப மாற்றும் நெறியும் தற்போது உள்ளது.

நசுங்கல் காயம்

கை அல்லது கால் நீண்ட நேரம் பொறியின் அடியில் சிக்கியிருந்தால், நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபினும் குருதியில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதற்குப் பொட்டாசியம் இல்லாத உப்புநீர், இயன்றால் உறுப்பை விடுவிக்கும் முன்பே, தொடங்கப்படுகிறது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறினால் உடனே தெரிவிக்க வேண்டும். சிறுநீர்க் குழல் பொருத்தி மணிக்கணக்கில் அளப்பது ஏன் என்பதை விளக்கினால், நோயாளர் அதனை அகற்றுமாறு வற்புறுத்துவது குறையும்.

நீர்மம் ஏற்றப்படும்போது கவனிக்க வேண்டியவை

* விரைவில் முடியட்டும் என்று உடனிருப்போர் குழாயின் சக்கரத்தைத் திருகக் கூடாது. இதய, சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் இதனால் நுரையீரலில் நீர் கோக்கலாம்.
* ஊசி பொருத்திய இடம் வீங்கினாலோ, எரிந்தாலோ, குளிர்ந்தாலோ செவிலியரை அழைக்க வேண்டும்.
* கையைக் கீழே தொங்கவிட்டால் குழாயில் குருதி ஏறும். இதனால் அஞ்ச வேண்டியதில்லை. கையை உயர்த்திச் செவிலியருக்குத் தெரிவித்தால் போதும்.
* மூச்சுத்திணறல், நடுக்கம், தடிப்பு, அரிப்பு ஆகியவை தோன்றினால், குறிப்பாகக் குருதி ஏற்றும்போது, உடனே கூற வேண்டும்.

கற்பிக்கும் முறை

விளக்கம் சுருக்கமாகவும் நோயாளரின் மொழியிலும் இருத்தல் வேண்டும். கூறி முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்பது பயனற்றது, எவரும் புரிந்தது என்றே விடையளிப்பர். "அறுவை முடிந்தபின் உங்கள் கை எப்படியிருக்கும் என்று சொல்லுங்கள்" எனத் திருப்பிக் கூறச் செய்வதே உரிய முறையாகும். தவறாகக் கூறினால் குறை விளக்கத்தினுடையது, நோயாளருடையதன்று எனக் கொண்டு வேறு சொற்களில் மீண்டும் விளக்க வேண்டும்.

தமிழ் அறியாத தொழிலாளருக்கு உடன் பணிபுரிபவர் மொழிபெயர்ப்பாளராக அமைவது வழக்கம். மேற்பார்வையாளர் ஒருவரே மொழிபெயர்த்தால், காயம்பட்ட நேரம், மது அருந்தியது, முந்தைய நோய் போன்றவற்றை வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் நோயாளர் மறைக்கலாம். ஆகவே இயன்றவரை வேறொருவரையோ, அம்மொழியறிந்த மருத்துவமனைப் பணியாளரையோ, தொலைபேசி வழியாகக் குடும்பத்தாரையோ துணைக்கொள்வது நன்று. "வலி", "மூச்சு", "மரத்தல்", "தண்ணீர்" போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் எழுதிப் படத்துடன் வைத்திருப்பதும் உதவும்.

அறுவை அரங்கிற்குச் செல்லும் முன் நகைகளைக் கழற்றுவதன் காரணத்தையும் கூற வேண்டும். வீங்கும் விரலில் மோதிரம் குருதியோட்டத்தைத் தடுக்கும். மின்கருவியால் உலோகம் பட்ட இடம் சுடலாம். தாலி, மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றத் தயங்குவோரிடம் வற்புறுத்தாமல் காரணத்தை விளக்கி, குடும்பத்தாரிடம் ஒப்படைப்பதே முறை.

ஒப்புதல்

அறுவைக்கான ஒப்புதலை, 18 வயது நிறைந்து சுயநினைவுடன் உள்ள நோயாளரே அளிக்க வேண்டும். போதிய விளக்கம் பெற்ற பின் அளிப்பதே செல்லத்தக்க ஒப்புதல் என்பதை 2008 இல் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நினைவை மங்கச் செய்யும் ஊசி கொடுக்கும் முன்பே இது பெறப்பட வேண்டும். எழுதும் கையே நசுங்கியிருந்தால் மறு கையின் பெருவிரல் பதிவு, படித்துக் காட்டியவர், சாட்சி ஆகியோரின் கையொப்பங்களுடன் பெறப்படுகிறது.

பரவலான ஐயங்கள்

* முதுகில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுதும் முதுகுவலி வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஊசியிட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். நீடித்த முதுகுவலிக்குத் தண்டுவட ஊசி காரணம் என ஆய்வுகள் நிறுவவில்லை.
* முழு மயக்கத்தின் நடுவில் விழித்துக்கொள்வோமோ என்னும் அச்சம் பலருக்கு உண்டு. 2014 இல் வெளியான பிரித்தானிய ஆய்வின்படி, நோயாளர்கள் தெரிவித்த இத்தகைய நிகழ்வுகள் ஏறத்தாழ 19,000 மயக்கங்களில் ஒன்றே ஆகும்.
* குழாயில் தெரியும் சிறு காற்றுக்குமிழி உயிரைப் பறிக்கும் என்பது மிகையான அச்சம். எனினும் செவிலியரிடம் தெரிவிப்பது தவறன்று.
* களைப்புக்குப் பாட்டில் ஏற்றுதல்: உண்ணவும் பருகவும் இயன்றவருக்கு வாய்வழி நீரே சிறந்தது. வெப்பத்தில் பணிபுரிவோர் மிகுந்த வியர்வையால் நீரும் உப்பும் இழந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் போதுமானது. உலக சுகாதார அமைப்பு 2002 இல் திருத்திய கரைசலில் ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் ஆகியவை உள்ளன. பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

விழித்தவுடன் தண்ணீர் கேட்பது இயல்பு. விழுங்கும் திறன் மீண்டதை உறுதி செய்யும் முன் கொடுத்தால் புரையேறும். அதுவரை நனைந்த பஞ்சால் உதட்டை ஈரப்படுத்தலாம். செவிலியர் இசைவளித்தபின் சிறிது சிறிதாகத் தண்ணீர் தொடங்கி, பின் நீர் உணவும் எளிய உணவும் தரப்படும்.

அன்றே வீடு திரும்புவோர் ஒரு நாள் வரை வண்டி ஓட்டுதல், பொறி இயக்குதல், மது அருந்துதல், ஆவணங்களில் கையொப்பமிடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விடுதி அறைகளில் தனித்துத் தங்கும் தொழிலாளருடன் முதல் இரவு ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். சிறுநீர் கழியாமை, கட்டில் குருதி ஊறுதல், விரல்நுனி நீலமாதல் அல்லது வெளிறுதல், மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தல், கடுந்தலைவலி, காய்ச்சல் ஆகியவை இருப்பின் காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். நடக்கவோ பயணிக்கவோ இயலாத நிலையில் 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 அவசர ஊர்திச் சேவையை அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* மயக்கவியல்
* செவிலியம்
* வாய்வழி நீரேற்றக் கரைசல்
* தீக்காயம்
* ஒரகடம்